புளூடூத் பெட்டியில் கேட்ட ஒரு சொல்லைப் பற்றி ரெங்கசாமி எழுதிக் கொடுத்தது

என் பெயர் ரெங்கசாமி. தகப்பனார் பெயர் முனுசாமி. வயது எழுபத்து நான்கு. கேமரன் மலையில் கம்போங் ராஜாவுக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில், மேல்பிரிவுப் பழைய லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். எஸ்டேட் ஆலையில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என்னை விசாரித்த ஷஃபிகா அவர்கள் தமிழ் பேசவும் படிக்கவும் தெரிந்த போலீஸ்காரர். நான் சொல்லச் சொல்ல மலாயில் எழுதிக் கொள்வதாகச் சொன்னார். நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். சென்ற ஆண்டுதான் கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்பில் எழுத்துக் கற்றேன், அதனால் மெதுவாகத்தான் வரும் என்றும் சொன்னேன். அவர், "மெதுவா எழுதுங்க அங்கிள், யாரும் விரட்டல" என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தார். நல்ல பேனா. அழுத்தாமலே எழுதுகிறது.

குணாளன் என்பவன் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். எஸ்டேட்டில் புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிறான். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். அவன் மனைவி மோகனா என்னை மாமா என்று கூப்பிடுவாள். சொந்தம் இல்லை. பழக்கம்தான்.

இந்த விசாரணையில் சொல்லப்படும் பெட்டி குணாளன் எனக்குக் கொடுத்தது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. கறுப்பு நிறம். சட்டையில் மாட்ட ஒரு கவ்வி உண்டு. அதில் வயர் வைத்த இயர்போனைச் சொருகிக் காதில் வைத்துக் கொள்ள வேண்டும். போனில் ஓடும் பாட்டை அந்தப் பெட்டி புளூடூத்தில் இழுத்துப் பெரிதாக்கிக் காதுக்குள் விடும். போனை எடுத்துத் தடவிக் கொண்டிருக்க வேண்டியதில்லை, பெட்டியில் உள்ள பொத்தானை அமுக்கினால் போதும். மெஷின் சத்தத்தில் என் காது போய்விட்டது. வயர் இல்லாத இயர்போன் வாங்கிப் பார்த்தேன், சத்தம் போதவில்லை, காதை விட்டு நழுவி ஒன்று டீச்செடிக்குள் விழுந்து கிடைக்கவே இல்லை. குணாளன் தனக்கு வேறு வாங்கிக் கொண்டபோது, இது மெஷின் சத்தத்தையே மீறிக் கேட்கும் பெட்டி, நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள் என்று கொடுத்தான். "ஊரே வயர அறுத்துட்டுப் போவுது, நீங்க ஒருத்தருதான் பெரியப்பா வயரோட அலையுறீங்க" என்று கேலி செய்தான். அந்தப் பெட்டியில் முதல் பாட்டைக் கேட்டபோது பாடுகிறவர் வரிக்கு வரி மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. அதுவரை அவர் மூச்சு விடாமல் பாடுகிறார் என்று நினைத்திருந்தேன். அன்று ஒரே பாட்டைச் சாயங்காலம் வரை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பெட்டியின் சுவிட்சைத் திறந்து விட்டால், சேர்வதற்குப் போன் கிடைக்காத நேரத்தில், ஒரு பெண் குரல், போனைத் தேடுகிறேன் என்பதற்கு இங்கிலீசில் "பேரிங்" என்று சொல்லும். அது என் காதில் "பேரு?" என்று விழுந்தது. கேட்கிறாளே என்று "ரெங்கசாமி" என்று சொல்வேன். அதன் பிறகு என் போன் சேர்ந்து கொண்டு "கனெக்டட்" என்று அவளே சொல்வாள். பெயர் சொன்னதால்தான் சேர்கிறது என்று நான் நம்பிக் கொண்டிருந்தேன். குணாளன் இதை ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்து விட்டான். "அப்படியே ஐசி கார்டு நம்பரையும் சொல்லிருங்க பெரியப்பா" என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டி குணாளனின் போனையும் மறக்கவில்லை. அவன் என் பக்கத்தில் வந்தால், சில நேரம் என் போனை விட்டுவிட்டு அவன் போனுடன் சேர்ந்து கொள்ளும். ஒருமுறை பாட்டு நின்று மணி அடித்ததால் பொத்தானை அமுக்கினேன். மோகனா, "வரும்போது இறால் பிலாச்சான் வாங்கிட்டு வாங்க. என்ன, வாயில கொழுக்கட்டையா? பேசுங்களேன்" என்றாள். நான் "ரெங்கசாமி பேசுறேம்மா" என்றேன். அதன் பிறகு இரண்டு வீட்டிலும் அது ஒரு வேடிக்கைப் பேச்சாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் குணாளன் மெஷினுக்குச் சாமான் வாங்கக் கோலா தெர்லாவுக்கு மோட்டார் சைக்கிளில் போனான். அதன் பிறகு மழை பெய்தது. மழை விட்டுப் பனி இறங்கியது. அவன் வரவில்லை. மோகனா போன் அடித்துக் கொண்டே இருந்தாள், மணி போகிறது, எடுக்கவில்லை என்றாள். மறுநாள் நாங்கள் சாலை நெடுகத் தேடினோம். எஸ்டேட்டுக்குள் வரும் மண்பாதையிலும் தேடினோம். மோட்டாரும் இல்லை, ஆளும் இல்லை. போலீசில் சொன்னோம். போன் எங்கள் மலையில்தான் எங்கோ இருக்கிறது, போன் கோபுரம் ஒன்றுதான் இருப்பதால் இந்த இடம் என்று சொல்ல முடியாது என்றார்கள். லயத்தில் சிலர், போனை எஸ்டேட்டில் போட்டுவிட்டு ஆள் சிங்கப்பூர் போயிருப்பான் என்று பேசினார்கள். மோகனா அவர்கள் வாசலில் போய் நின்று, "ஓடிப் போறவரு நெத்திலி ஊற வைன்னு சொல்லிட்டா போவாரு?" என்று கேட்டாள். அந்த நெத்திலி அப்படியே தட்டு போட்டு மூடியிருந்ததை நான் பார்த்தேன்.

தேடியபோது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா என்று ஷஃபிகா அவர்கள் கேட்டார். இல்லை. எங்கள் எஸ்டேட்டில் பனி இறங்கிவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். "ஊய்" என்று குரல் கொடுப்போம். "ஊய்" என்று பதில் வரும். பனிக்குள் பெயர் சொல்லி ஒரு குரல் அழைத்தால் பதில் சொல்லக் கூடாது, அழைப்பது மனிதராக இருக்காது. ஏன் அப்படி என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். குணாளன் இந்த மலையில் பிறந்தவன், அவனும் அப்படித்தான். மோகனா தெலுக் இந்தானில் இருந்து வந்தவள், அங்கே பனி கிடையாது. இப்போது இந்த அறையின் சன்னலுக்கு வெளியிலும் பனி நிற்கிறது. நான் வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு அதுதான் காரணம். எழுதினால் கூப்பிட்டதாகாது. எழுத்துப் படித்ததில் எனக்கு இப்படி ஒரு வசதி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை லயத்தில் தண்ணீர் நின்று விட்டது. மேல் ஊற்றில் குழாய் வாயை இலை அடைத்துக் கொண்டால் நான்தான் போய் எடுப்பேன். பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்தவன் போனை வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டு, பெட்டி சட்டையிலும் இயர்போன் காதிலுமாகப் புறப்பட்டேன். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பாட்டு நின்றது. குளிருக்கு அடக்கமாக இருந்ததால் இயர்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பனி கடுமையாக இருந்தது. நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. மண்பாதையில் வளைவுக்குப் பக்கத்தில் போனபோது "பேரு?" என்று கேட்டது. அது இங்கிலீஷ் வார்த்தை என்று எனக்கு அதற்குள் தெரியும். இருந்தாலும் பனியாக இருந்ததால் நான் பெயர் சொல்லவில்லை, வாயை மூடிக் கொண்டேன்.

அதன் பிறகு வளைவில் திரும்பினேன். "கனெக்டட்" என்று சொன்னது.

என் போன் வீட்டில் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. டீச்செடி இருந்தது, பனி இருந்தது. நான் அசையாமல் நின்றேன். அதன் பிறகு காதுக்குள் மணி அடித்தது. என் போனின் மணி அல்ல, வேறு மணி. அடித்துக் கொண்டே இருந்தது. இயர்போனைக் காதிலிருந்து எடுத்தேன், மணி இல்லை, கீழே ஓடையின் இரைச்சல் மட்டும்தான். திரும்ப வைத்தேன், மணி இருந்தது. பொத்தானை அமுக்க எனக்குக் கை வரவில்லை. அது தானாக நின்றது. நான் பின்பக்கமாகவே நடந்து வந்தேன். "டிஸ்கனெக்டட்" என்று சொல்லும் வரை திரும்பவில்லை.

லயத்துக்கு வந்ததும் மோகனாவிடம், காதில் ஏதோ மணி அடிக்கிறது, மலை சரியில்லை என்று சொன்னேன். அவள் சன்னல் ஓரத்தில் நின்று போனைக் காதில் வைத்திருந்தாள். அவள் வீட்டில் அந்தச் சன்னல் ஓரத்தில் மட்டும்தான் லைன் சரியாகக் கிடைக்கும். அவள் என் சட்டையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "மாமா, எப்ப அடிச்சது?" என்று கேட்டாள். இப்பத்தான் என்றேன். "நானும் இப்பத்தான் அவருக்கு அடிச்சேன்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெட்டி சேர்ந்தால் என் போனுடன் சேரும், அல்லது குணாளனின் போனுடன் சேரும். பக்கத்தில் இருந்தால்தான் சேரும்.

அதன் பிறகு யோகேந்திரனைக் கூப்பிட்டேன். அவன் ஓய்வு பெற்ற கங்காணி, என் வயதுக்காரன். லயத்தில் இருந்து இன்னும் இரண்டு ஆட்களும் கயிறு எடுத்துக் கொண்டு வந்தார்கள். மோகனாவும் வருகிறேன் என்றாள். நீ சன்னலை விட்டு நகராதே, விடாமல் அடித்துக் கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனோம். வளைவு வந்ததும் நான் முன்னால் நடந்தேன், மற்றவர்கள் சத்தம் இல்லாமல் பின்னால் வந்தார்கள். "கனெக்டட்" என்றால் நின்றேன். நகர்ந்து பார்த்தேன், "டிஸ்கனெக்டட்" என்றது. திரும்ப வந்தேன். யோகேந்திரன், "டேய், தலை அறுத்த கோழி மாதிரி வட்டம் போடாதடா, எனக்குத் தலை சுத்துது" என்றான். அவன் பயந்தால் இப்படித்தான் பேசுவான். பெட்டி பக்கத்தில் என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. பாதைக்கு மேல்பக்கம் மழைத் தண்ணீர் வடிய வெட்டிய ஒரு பழைய கான் இருக்கிறது. கீழ்ப்பக்கம் டீச்செடி நெருக்கமாக ஓடை வரை இறங்குகிறது, செடி எதுவும் ஒடிந்ததாகத் தெரியவில்லை. அதனால் மேல்பக்கம் என்று யோகேந்திரன் சொன்னான். நாங்கள் கானில் இறங்கித் தேடினோம். "ஊய்" என்று குரல் கொடுத்தோம். ஓடை இரைச்சலில் எங்கள் சத்தமே எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அதன் பிறகு காதில் மணி அடித்தது. நான் பொத்தானை அமுக்கினேன். மோகனாவின் குரல், "என்னங்க! என்னங்க! எங்க இருக்கீங்க?" என்று வந்தது. பேசுவது அவள் புருஷன் இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு, "நான்தாம்மா, மாமா பேசுறேன்" என்றேன். பிறகு, "பக்கத்துலதான இருக்கீங்க? தெரியுறாரா?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை என்றேன். "பேர் சொல்லிக் கூப்பிடுங்க மாமா" என்றாள். ஊய் என்று குரல் கொடுத்துப் பார்த்தோம் என்றேன். "ஊயி ஊயின்னா யாரைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லுங்க. போன்ல சார்ஜ் போயிருச்சுன்னா அப்புறம் அவர எதை வெச்சுத் தேடுவீங்க?" என்று சத்தம் போட்டாள். அவள் சொன்னதை யோகேந்திரனிடம் சொன்னேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் கூப்பிட்டேன். கையை வாயருகே குவித்துக் குணாளா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். இல்லை. அதன் பிறகு மறுபடியும் கூப்பிட்டேன்.

அப்போது காதுக்குள் ஒரு குரல், "கீழ" என்று சொன்னது.

அவ்வளவுதான் சொன்னது. சத்தமாகச் சொல்லவில்லை. முனகலாகவும் இல்லை. அவசரமும் இல்லை. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்ட ஆளுக்குச் சொல்வது போல இருந்தது. நான் யோகேந்திரனிடம், "கீழயாம்" என்றேன். அவன், "யாரு சொன்னா?" என்றான். நான் பாதையைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் செடிக்குள் இறங்கினேன். அவர்கள் என் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக் கொண்டார்கள்.

செடிகள் மேலே சேர்ந்து மூடிக் கொண்டிருந்தன, அடியில் மண் சரிந்து குழியாக இருந்தது. அதில் மோட்டார் கிடந்தது. மோட்டாருக்கு அடியில் ஒரு கால் மாட்டிக் கொண்டு குணாளன் கிடந்தான். போன் அவன் கைக்கு எட்டாத தூரத்தில் செடியின் வேரில் செருகி நின்றது. அவன் கண் திறந்திருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை இழுத்து அந்தத் துணியை வாய்க்குள் அடைத்து வைத்திருந்தான். என்னைப் பார்த்தான். ஆனால் என்னைத் தெரிந்தவன் போலப் பார்க்கவில்லை. துணியை எடுக்கப் போனேன், பல்லைக் கடித்துக் கொண்டான், விடவில்லை. நான் பெரியப்பாடா, நான் பெரியப்பாடா என்று சொன்னேன். தலையைத் திருப்பிக் கொண்டான். அதன் பிறகு யோகேந்திரன் மெதுவாகச் சறுக்கி இறங்கி வந்து, அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "ஊய்" என்றான். குணாளன் துணியை வாயிலிருந்து எடுத்தான். அவனும் "ஊய்" என்றான். அதன் பிறகுதான் அழுதான்.

அவனைத் தூக்கிக் கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பிறகு ஈப்போவுக்குக் கொண்டு போய்க் காலில் ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, காலும் இருக்கிறது. இதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். மோகனா என் கையைப் பிடித்துக் கொண்டு, பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போவதாகச் சொன்னாள். வேண்டாம்மா, அது இல்லாமல் எனக்குப் பாட்டுக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஷஃபிகா அவர்கள் என்னை அழைத்ததற்குக் காரணம், எல்லாருடைய வாக்குமூலமும் ஒத்து வரவில்லை என்பது. குணாளன் ஆஸ்பத்திரியில் சொன்னது: தேடி வந்தவர்கள் "ஊய்" என்றபோதெல்லாம் தானும் "ஊய்" என்றதாகவும், அது மேலே எட்டவில்லை என்றும், கடைசி நாள் பனிக்குள் தன் பெயரை யாரோ கூப்பிட்டதாகவும், கூப்பிட்டது மனிதர் இல்லை என்று நினைத்துத் துணியை வாயில் அடைத்துக் கொண்டதாகவும், ஒரு வார்த்தை கூடத் தான் பேசவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். நான் பார்த்ததும் அப்படித்தான். யோகேந்திரனும் மற்ற இருவரும் எந்தக் குரலும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காது நல்ல காது. மோகனா, தன் போனில் "கீழ" என்று ஒரு குரல் கேட்டது என்றும், அது தன் புருஷன் குரல் இல்லை, என்னுடன் வந்த யாரோ பேசியது என்று நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறாள்.

நான் அதை மோகனாவின் வீட்டில் இருந்த யாரோ சொன்னதாக நினைத்தேன். பொத்தானை அமுக்கிய பிறகு என் காதுக்குள் வருவது அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். அவளுக்குப் போவது என் பக்கத்துச் சத்தம் மட்டும்தான். அவள் வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆக, எனக்கு அது அவள் பக்கமிருந்து வந்தது. அவளுக்கு அது என் பக்கமிருந்து வந்தது. ஷஃபிகா அவர்கள் இதைப் பற்றிப் பலவிதமாகக் கேட்டார். வேறு லைன் கலந்திருக்கலாமா என்று கேட்டார். இருக்கலாம், ஆனால் நாங்கள் யாரைத் தேடுகிறோம் என்று அந்த லைனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். உங்களுடன் வந்தவர்களில் ஒருவர் சொன்னார் என்று எழுதினால் ஃபைலை முடித்துவிடலாம், அப்படி எழுதலாமா என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதற்காக நான் எழுத்துப் படிக்கவில்லை. குரல் ஆணா பெண்ணா என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. மறுபடி கேட்டால் அடையாளம் தெரியுமா என்று கேட்டார். தெரியும்.

இவ்வளவையும் நான் எழுதி முடித்த பிறகு, முறைப்படி படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி ஷஃபிகா அவர்கள் தாள்களை வாங்கி முதலிலிருந்து சத்தமாக வாசித்தார். சன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. பனி சட்டத்தைத் தொட்டுக் கொண்டிருந்தது. குணாளன் என்று நான் எழுதியிருந்த இடத்தில் எல்லாம் அவர் "அவர்" என்றுதான் வாசித்தார். ஓர் இடத்திலும் தவறவில்லை. அப்படிச் செய்யும்படி நான் கேட்டுக் கொள்ளவில்லை. அவரும் ஏன் என்று சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். இதையும் எழுதிச் சேர்க்கலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்.

இதில் உள்ளது என் காதில் விழுந்ததும் என் கண் பார்த்ததும் தான். யாரும் மிரட்டி எழுதவில்லை, யாருக்காகவும் மாற்றி எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் போட்டது, அடித்துத் திருத்திய இடங்களும் என்னுடையவை. உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போடுகிறேன்.

மு. ரெங்கசாமி